மொய் நோட்டும் இம்பாக்ட் ஃபேக்டரும்: வேதியியல் ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரையில் காதுகுத்துக்கே போஸ்டர் ஒட்டுவோம். கல்யாணம், கெடாவெட்டு, ஜாமீனில் வெளியே வந்தது என்று எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு சுவர் உண்டு. அதனால் ஒரு ஸ்காலரின் பேப்பர் வெளிவந்ததும் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் முளைப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வைக்கட்டும், நல்லதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் வம்பு. "உலகத்தரம் வாய்ந்த இதழில்", "இம்பாக்ட் ஃபேக்டர் 7.8", "சிறந்த இளம் விஞ்ஞானி விருது". இதில் எது நிஜம், எது காசு கொடுத்து வாங்கியது, எது அச்சகத்துக்காரர் போன வருடத்து ஃபிளெக்ஸிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது என்பது பல நேரம் ஃபிளெக்ஸில் சிரிப்பவருக்கே தெரியாது.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகப் பதிவு செய்யும் ஸ்காலர்களிடம் ஆண்டுதோறும் வாயால் சொல்வதை இந்த முறை எழுதி வைக்கிறேன். பேப்பர் எழுதுவது எப்படி என்பது வேறு கதை, அதற்கு உங்கள் கைடு இருக்கிறார். ஜர்னல் உலகத்திலிருந்து வரும் செய்திகளையும் பட்டங்களையும் எப்படிப் பிரித்துப் படிப்பது, உங்களுக்கே ஒன்று வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பது மட்டும்தான் இங்கே. கையில் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். யார் சொல்கிறார்கள்? எதை எண்ணிச் சொல்கிறார்கள்? காசு எந்தப் பக்கம் போகிறது?

முதல் வேலை: உங்கள் பெயர்

சிரிக்காதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஜர்னல் உலகில் முதல் அடி விழுவது இன்ஷியலில்தான்.

ச. மீனாட்சி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பேப்பரை இணையத்தில் சமர்ப்பிக்கும்போது படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். மீனாட்சி முதல் கட்டத்தில் பெயரையும் இரண்டாவதில் "எஸ்" என்ற ஒற்றை எழுத்தையும் போடுகிறார். பேப்பர் வந்ததும் மேற்கோள் காட்டுபவர்கள் குடும்பப் பெயர் "எஸ்", இன்ஷியல் "எம்" என்று எழுதுவார்கள். அடுத்த பேப்பரில் கைடு அவரை "எஸ். மீனாட்சி" என்று போடுகிறார். மூன்றாவதில், கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்சவியர் பதிப்பகத்தின் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸ் கணக்கில் இப்போது மூன்று மீனாட்சிகள், ஆளுக்கு ஒரு பேப்பர். வேலைக்கு நேர்காணல் போகும்போது "உங்க பேர்ல ஒண்ணுதானேம்மா காட்டுது?" என்று கேட்பார்கள்.

ஆகவே முதல் பேப்பருக்கு முன்பே உட்கார்ந்து முடிவெடுங்கள். இன்ஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ கடைசிப் பெயராக வைப்பதா, இல்லை வேறு வடிவமா? எது வேண்டுமானாலும் சரி, ஆனால் ஓய்வு பெறும் வரை அதுதான். எழுத்துக்கூட்டலும் மாறக்கூடாது. முடிவானதும் ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுங்கள். 2012 முதல் இருக்கும் ஏற்பாடு, 16 இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை. பெயர் எத்தனை விதமாகச் சிதறினாலும் அந்த எண் உங்களை ஒரே ஆளாகக் கட்டி வைக்கும்.

கல்லூரியின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஒரே துறையிலிருந்து ஒருவர் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரையும் இன்னொருவர் சுருக்கத்தையும் எழுதினால், தரவரிசைக்காக எண்ணுபவர்கள் பாதியை விட்டுவிடுவார்கள். துறைத்தலைவரிடம் கேட்டு ஒரே வடிவத்தை எழுதி ஒட்டி வையுங்கள், தராசு மேஜைக்கு மேலே ஒட்டினாலும் சரி.

செய்தி எங்கிருந்து வரவேண்டும்

வாட்ஸ்அப் குழுவிலிருந்து அல்ல. உங்கள் வேலைக்கு நெருக்கமான ஐந்தாறு ஜர்னல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தளத்திலேயே மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்யுங்கள். புதிய இதழின் பொருளடக்கம், எடிட்டர் மாற்றம், சிறப்பிதழ் அழைப்பு எல்லாம் நேராக வரும். பொதுச் செய்திக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி நடத்தும் கெமிஸ்ட்ரி வேர்ல்டும், அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் கெமிக்கல் அண்ட் இன்ஜினியரிங் நியூஸும் போதும். நம் நாட்டு நிலவரத்துக்குக் கரண்ட் சயின்ஸ்.

முழுப் பேப்பரைத் திறக்க முடியவில்லையே என்ற பழைய புலம்பல் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு நாடு ஒரு சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள். 2025 ஜனவரியிலிருந்து மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு இது திறந்திருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இருந்தும் பயன்படுத்தத் தெரியாமல், ஒரு பி.டி.எஃப்-க்காக ஐ.ஐ.டி.யில் இருக்கும் சீனியருக்கு இரவு பதினோரு மணிக்கு மெசேஜ் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதத்து எண்

ஆண்டுதோறும் ஜூனில் கிளாரிவேட் நிறுவனம் ஜர்னல்களின் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும். அந்த வாரம் பதிப்பகங்கள் எல்லாம் கொண்டாட்டச் செய்தி விடும். இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

நம் பக்கத்து மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜர்னல் 2023-இல் 100 கட்டுரைகளும் 2024-இல் 150 கட்டுரைகளும் வெளியிட்டது. இந்த 250 கட்டுரைகளையும் 2025-இல் வெளிவந்த பேப்பர்கள் மொத்தம் 500 முறை மேற்கோள் காட்டின. 500-ஐ 250-ஆல் வகுத்தால் 2.0. அதுதான் 2025-க்கான இம்பாக்ட் ஃபேக்டர், அறிவிப்பு 2026 ஜூனில் வரும். மொத்த மொய்யைக் கல்யாணப் பத்திரிகை வைத்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்த மாதிரி. சராசரி, அவ்வளவுதான்.

சராசரி என்றால் ஒரு பணக்கார மாமா போதும். இது வெறும் உவமை இல்லை, நம் துறையிலேயே நடந்தது. ஒற்றைப் படிகத்தை எக்ஸ்-கதிர் எடுத்தவர்கள் எல்லோருக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் தெரியும். அதை எழுதிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ பிரிவில் அந்த மென்பொருளின் வரலாற்றைச் சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஷெல்எக்ஸ் பயன்படுத்துபவர்கள் இதை மேற்கோள் காட்டலாம் என்று அதிலேயே ஒரு குறிப்பும் இருந்தது. உலகத்தில் படிகம் வளர்த்த அத்தனை பேரும் காட்டினார்கள். அதுவரை 2 சொச்சத்தில் இருந்த ஜர்னல் 2009-இல் 49.926-க்கு ஏறியது, நேச்சரையே தாண்டியது. 2010-இல் 54.333. இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து அந்தக் கட்டுரை வெளியேறியதும் 2011-இல் 2.076. ஜர்னல் அப்படியேதான் இருந்தது. எடிட்டர்களும் தரமும் இரண்டு வருடத்துக்கு மட்டும் மாறிவிட்டுத் திரும்பவில்லை. அந்த இரண்டு ஆண்டில் அங்கே பேப்பர் போட்டவர் "இம்பாக்ட் ஃபேக்டர் 54" என்று ஃபிளெக்ஸ் வைத்திருந்தால் அது பொய் ஆகாது. ஆனால் அந்த எண்ணுக்கும் அவர் பேப்பருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். மறுஆய்வுக் கட்டுரைகள் மட்டுமே போடும் ஜர்னல்களுக்கு எண் எகிறும், எல்லோரும் அவற்றைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். கெமிக்கல் ரிவ்யூஸ் 50-ஐ ஒட்டி நிற்பதையும், 1879 முதல் வரும் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஜர்னல் 15-ஐ ஒட்டி நிற்பதையும் வைத்து ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு உசத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, மொய்யில் இருக்கிற பழக்கம் இங்கேயும் உண்டு: நீ எனக்கு எழுது, நான் உனக்குத் திருப்பி எழுதுகிறேன். இப்படிக் கைமாற்றாக மேற்கோள் காட்டிக்கொள்ளும் ஜர்னல்களைக் கண்டுபிடித்தால் கிளாரிவேட் அவற்றின் எண்ணை நிறுத்தி வைக்கும். உங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர் சம்பந்தமே இல்லாமல் "இந்த ஐந்து பேப்பரையும் மேற்கோள் காட்டுங்கள்" என்று கேட்டால், அதுவும் மொய் வசூல்தான். பொருந்துவதைக் காட்டுங்கள், பொருந்தாததை ஏன் சேர்க்கவில்லை என்று எடிட்டருக்கு மரியாதையாக எழுதுங்கள்.

எண்ணைப் பார்க்கும்போது தசமத்தையும் பாருங்கள். 2023 ஜூன் அறிவிப்பிலிருந்து இம்பாக்ட் ஃபேக்டர் ஒரே ஒரு தசம இடத்துடன்தான் வருகிறது. இந்த வருட எண் என்று "5.437" போட்டிருந்தால், அது பழைய எண்ணாக இருக்கலாம், அல்லது "சர்வதேச", "உலக" என்று முன்னொட்டு வைத்துக்கொண்டு வேறு யாரோ விற்கும் எண்ணாக இருக்கலாம்.

பட்டியலில் இருக்கிறதா, இன்றைக்கு இருக்கிறதா

யுஜிசி-கேர் பட்டியல் என்று சீனியர்கள் இன்னமும் சொல்வார்கள், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஜர்னல்களின் பட்டியல் அது. அந்தப் பட்டியலைக் கைவிட்டதாக 2025 பிப்ரவரியில் யுஜிசி அறிவித்துவிட்டது. ஜர்னலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது உங்கள் நிறுவனத்துக்கும் உங்களுக்கும். முனைவர் பட்டத்துக்குப் பேப்பர் கட்டாயம் என்ற யுஜிசி விதியும் 2022 நவம்பர் விதிமுறையில் போய்விட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். ஆராய்ச்சிப் பிரிவில் நேரில் போய், எழுத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சீனியர் வாய்மொழி வைவா அன்றைக்குக் கை கொடுக்காது.

சோதிக்கும் முறை இதுதான். ஜர்னலின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. ஜர்னலுக்கான எட்டு இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ வைத்துத் தேடுங்கள். கிளாரிவேட்டின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டும் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலும் காசில்லாமல் பார்க்கலாம். ஸ்கோபஸில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். நின்றுபோன ஜர்னலின் பெயரும் அங்கே கிடக்கும், ஆண்டு மட்டும் பழையதாக இருக்கும். பெரிய பதிப்பகம் என்பதும் காப்புறுதி இல்லை. எல்சவியரின் கீமோஸ்ஃபியர், சுற்றுச்சூழல் வேதியியலில் பெயர் பெற்ற ஜர்னல், 2024 டிசம்பரில் கிளாரிவேட்டின் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அனுப்புகிற அன்று ஒரு முறை, ஏற்பு வந்த அன்று ஒரு முறை பாருங்கள். பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் போலித் தளம். நிஜ ஜர்னலின் பெயர், நிஜ எண், ஆனால் தளம் வேறு ஆளுடையது. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அந்த ஜர்னலில் ஐந்தாறு வருடத்துக்கு முன் வந்த ஒரு பேப்பரின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள நிரந்தர இணைய அடையாளம்) எடுத்து டிஓஐ டாட் ஓஆர்ஜி தளத்தில் போடுங்கள். அது எந்த வாசலில் கொண்டுபோய் விடுகிறதோ அதுதான் நிஜ வீடு. எண்ணின் தொடக்கமே கொஞ்சம் சொல்லிவிடும்: 10.1021 என்றால் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி, 10.1039 ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, 10.1016 எல்சவியர், 10.1002 வைலி, 10.1007 ஸ்பிரிங்கர். நீங்கள் அனுப்பப்போகும் தளம் வேறு வாசல் என்றால் அங்கேயே நில்லுங்கள். இரண்டே நாளில் ஏற்பு, மதிப்பீட்டு அறிக்கை இல்லை, ஜிபே எண் மட்டும் இருக்கிறது என்றால் சோதனையே வேண்டாம்.

சந்தா முறை ஜர்னல்களில் பெரும்பாலும் கட்டுரையாளருக்குக் கட்டணம் கிடையாது என்பது பல புதியவர்களுக்குத் தெரியவே தெரியாது. காசு கட்டினால்தான் பேப்பர் என்று நினைத்து அம்மாவின் வளையலை அடகு வைக்கப் போனவரை நான் ஒருமுறை வழியிலேயே மறித்திருக்கிறேன்.

ஏற்பு வந்த பிறகு

நல்ல ஜர்னலில் பேப்பர் ஏற்கப்பட்டால் சில அடைமொழிகள் வரலாம். ஆங்கெவான்டே கெமி ஜர்னலில் "விஐபி" என்பது மதிப்பீட்டாளர்களின் பரிந்துரையை வைத்து வருவது, "ஹாட் பேப்பர்" எடிட்டர்கள் தேர்வு. ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஜர்னல்களும் "ஹாட்" கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும். இவை கேட்டு வாங்குவதில்லை, காசும் கிடையாது. வந்தால் சந்தோஷப்படுங்கள், சுயவிவரத்தில் போடுங்கள்.

அட்டைப்படம் வேறு ரகம். "உங்கள் கட்டுரையை அட்டையில் போட விருப்பமா?" என்று கடிதம் வந்தால் துள்ளிக் குதிப்பதற்கு முன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். வைலி, ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி உட்படப் பல இடங்களில் அட்டைக்குக் கட்டணம் உண்டு. அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியில் முதன்மை அட்டைக்குக் காசில்லை, துணை அட்டைகளுக்கு உண்டு. இது மோசடி இல்லை, வெளிப்படையான வியாபாரம். ஆனால் உங்கள் கைடிடம் திட்ட நிதி இல்லையென்றால் "வேண்டாம், நன்றி" என்று எழுதிவிடலாம். பேப்பருக்கு ஒன்றும் ஆகாது. படம் வரைவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள்: கோபுரத்தின் மேல் பென்சீன் வளையம் மிதக்கும் படங்களை நிறையப் பார்த்தாயிற்று.

விருது மின்னஞ்சல்

"சார், ஒரு அவார்டு வந்திருக்கு சார்."

"எவ்வளவு கேக்குறாங்க?"

"எப்படி சார் தெரியும்?"

எனக்குத் தெரியும், நானே கொடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் ஆய்வைப் படித்து வியந்த ஓர் "உலகளாவிய" அமைப்பு சிறந்த ஆராய்ச்சியாளர் விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறதாம். பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய், கேடயம் கூரியரில் வரும். அனுப்பினேன். கேடயம் வந்தது, அதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் வந்தது. கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பிறகு அந்த அமைப்பின் பட்டியலைத் தேடிப் பார்த்தால் அந்த வருடச் "சிறந்த ஆராய்ச்சியாளர்" இருநூறு பேருக்கு மேல். அதில் ஒருவர் தமிழ்த்துறை, விருது மட்டும் வேதியியலில். மழை பெய்து ஃபிளெக்ஸ் கிழியும் வரை தினமும் அதன் கீழேதான் நடந்து போனேன்.

நிஜ விருது எப்படி வரும்? ஒன்று, விண்ணப்பமோ பரிந்துரையோ இருக்கும், விதி முன்கூட்டியே பொதுவில் இருக்கும். இரண்டு, தேர்வுக்குழுவில் உங்கள் துறைக்காரர்கள் இருப்பார்கள். மூன்று, காசு உங்களை நோக்கி வரும், அல்லது வராது. உங்களிடமிருந்து போகாது. இந்திய வேதியியல் ஆராய்ச்சி சங்கம் 1999-இல் தொடங்கியது, அதன் வெண்கலம், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் இந்த ரகம். 1958 முதல் கொடுக்கப்பட்ட பட்நாகர் பரிசு, 2024-இலிருந்து மத்திய அரசின் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற அறிவியல் விருதுக் குடும்பத்தில் இளையோர் பிரிவாகத் தொடர்கிறது.

அவை எல்லாம் தொலைவில் இருப்பவை என்று தோன்றும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கருத்தரங்குகளில் போஸ்டர் பரிசு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையத்திலோ காந்திகிராமத்திலோ பல்கலைக்கழகத்திலோ நடக்கும் கருத்தரங்குக்கு ஒரு நல்ல போஸ்டரோடு போங்கள், சுவரில் ஒட்டுவது நமக்குப் புதிதா என்ன. நடுவர் நேரில் நின்று கேள்வி கேட்டுக் கொடுத்த பரிசு, கூரியர் கேடயத்தைவிட எத்தனையோ மேல். மற்றது, மதிப்பீட்டாளராக நல்ல பெயர் வாங்குவது. ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி தன் ஒவ்வொரு ஜர்னலுக்கும் சிறந்த மதிப்பீட்டாளர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பட்டம் முடித்த பிறகு அந்த வாய்ப்பு தானாக வரும்.

உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷிஃப் காரம் என்ற வகைக் கரிமச் சேர்மம் ஒன்றைத் தயாரித்து, அதில் தாமிரத்தைக் கட்டி, கிடைத்த அணைவுச் சேர்மத்தை எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல் வரிசையில் சோதிக்கிறோம். செல்களில் பாதியைக் கொல்ல எத்தனை மைக்ரோமோலார் தேவை என்று ஓர் எண் கிடைக்கிறது. நல்ல வேலை, நல்ல ஜர்னலில் வருகிறது. கல்லூரியிலிருந்து நிருபருக்கு ஒரு தாள் போகிறது. மறுநாள்: "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்து மதுரை மாணவி சாதனை!"

எனக்குத் தெரிந்த ஒரு துறையில் இப்படிச் செய்தி வந்த நான்காம் நாள், உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் மனைவியின் ஸ்கேன், பயாப்ஸி அறிக்கை, மருத்துவமனை ரசீதுகள், எல்லாவற்றுக்கும் மேலே நான்காக மடித்த அந்தப் பேப்பர் துண்டு. "பாப்பா கண்டுபிடிச்ச மருந்து எங்க கிடைக்கும்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்யா." அந்த மாணவி ஆய்வகத்துக்குள்ளேயே இருந்துகொண்டாள், வெளியே வரவில்லை. கைடுதான் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் பேசி அனுப்பினார்.

நிருபர்மேல் மட்டும் பழி போடாதீர்கள். மாலை ஆறு மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டியவர் அவர். நீங்கள் கொடுத்த தாளில் இல்லாததை அவர் எப்படி எழுதுவார்? தாளை இப்படிக் கொடுங்கள்:

"மார்பகப் புற்றுநோய் செல்களை ஆய்வகத் தட்டில் அழிக்கும் திறன் கொண்ட தாமிரச் சேர்மம் ஒன்றை, எங்கள் வேதியியல் துறை ஆய்வு மாணவி தயாரித்துள்ளார். இது இன்னும் விலங்குகளிலோ மனிதர்களிலோ சோதிக்கப்படவில்லை. மருந்தாக மாறுமா என்பது தெரிய இன்னும் பல ஆண்டு ஆய்வு தேவை. ஆய்வுக் கட்டுரை இந்த ஜர்னலில், இந்தத் தேதியில் வெளிவந்துள்ளது."

இரண்டாவது வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் இல்லாமல் தாளைக் கொடுக்காதீர்கள். கடைசியில் வைத்தால் இடப் பற்றாக்குறையில் வெட்டிவிடுவார்கள், அதனால்தான் நடுவில் வைத்திருக்கிறேன். தலைப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், உங்கள் தலைப்பு நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்வார்கள். பேப்பர் இணையத்தில் வருவதற்கு முன் செய்தி கொடுக்க வேண்டாம். எல்லாக் கட்டுரையாளர்களின் பெயரும் இருக்கட்டும், கருவி இயக்கிய நண்பர் உட்பட.

காப்புரிமைச் செய்திக்கும் இதே கதிதான். இந்தியாவில் விண்ணப்பம் பதினெட்டு மாதம் கழிந்ததும் தானாகவே வெளியிடப்படும். வெளியானது வேறு, வழங்கப்பட்டது வேறு. "காப்புரிமை பெற்றார்" என்று எழுதுமுன் கையில் இருப்பது எது என்று பாருங்கள்.

இரண்டு சதவீதம்

ஆண்டுதோறும் "உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்" பட்டியல் வரும்போது நம் நாளிதழ்களில் அரைப்பக்கம் அதற்கே போய்விடும். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் மேற்கோள் தரவை வைத்துக் கணக்கிடும் பட்டியல் அது. ஸ்டான்ஃபோர்டு கொடுக்கும் விருது அல்ல. அதில் வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே ஆண்டுக் கணக்கு ஒன்று என இரண்டு இருக்கின்றன. செய்தியில் எது என்று சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள். பட்டியலில் இருப்பவர்களில் நிஜமாகவே நல்ல வேலை செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேற்கோளும் ஜர்னல் பெயரும் வேலையை எப்போதும் சரியாக அளந்ததில்லை என்பதற்கு உங்கள் துறையிலேயே சாட்சி இருக்கிறது. மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய வாரத்துக்கு இரண்டு முறை என்எம்ஆர் எடுக்க மாதிரி அனுப்புகிறீர்களே, அந்த ஃபூரியர் மாற்ற முறையை விளக்கிய ரிச்சர்ட் எர்ன்ஸ்டின் கட்டுரையை ஜர்னல் ஆஃப் கெமிக்கல் பிசிக்ஸ் இரண்டு முறை நிராகரித்தது. கடைசியில் 1966-இல் ரிவ்யூ ஆஃப் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வந்தது. 1991-இல் அவருக்கு வேதியியல் நோபல். நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று ஸ்காலர்களுக்கு நான் டீக்கடையில் சொல்லும் கதை இது. டீயும் என் கணக்கில்தான்.

யாரும் போஸ்டர் ஒட்டாத செய்தி

திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களின் செய்தியைத்தான் சொல்கிறேன். 2010 தொடக்கத்தில் ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஈ பிரிவு, ஒரே சீனப் பல்கலைக்கழகத்தின் இரண்டு குழுக்களிடமிருந்து வந்த 70 படிக அமைப்புகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒரே தரவை வைத்துக்கொண்டு அணுவை மட்டும் மாற்றிப் போட்டுப் புதிய சேர்மம் என்று காட்டியிருந்தார்கள். வைலியின் கைக்கு வந்த ஹின்டாவி ஜர்னல்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இது உங்களை எப்படித் தொடுகிறது என்றால், ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கலாம். 2010 முதல் இயங்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் சேர்த்த தரவுத்தளத்தை 2023-இல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளில் மேற்கோள்களை வைத்திருந்தால், திரும்பப் பெறப்பட்டது எதுவோ அதன் மேல் அதுவே சிவப்பு அடையாளம் காட்டும். ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

உங்கள் சொந்தப் பேப்பரிலேயே பிழை தெரிந்தால், ஒரு நிறமாலை மாறிப் போயிருந்தாலோ ஓர் எண் தப்பாக இருந்தாலோ, கைடிடம் சொல்லி எடிட்டருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். திருத்தம் என்று ஒரு பக்கம் வெளிவரும், அதற்கும் தனி டிஓஐ உண்டு. என் பெயரில் அப்படி ஒன்று இருக்கிறது: உருகுநிலை 168 என்பது 186 என்று அச்சாகிவிட்டது. சுயவிவரத்தில் அந்தப் பேப்பருக்கு நேர் கீழேயே திருத்தத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். நேர்காணல் ஒன்றில் நடுவர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.